நான் சுடுதண்ணீருக்கு மாறிய கதை

அன்றைக்கு மத்தியானம் புளிசேரியும் பயறு மெழுக்குபுரட்டியும். மீன மாத வெயில், அதாவது நம் பங்குனி. திருவனந்தபுரத்தில் அந்த மாதம் மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத்தான், உடம்புக்கு இல்லை. நான் கையை நீட்டி, மேஜையின் அந்தப் பக்கம் இருந்த எவர்சில்வர் ஜாடியை என் பக்கம் இழுத்தேன். கரிங்காலிச் சீவல் போட்டுக் காய்ச்சி, ஆவி பறந்துகொண்டிருந்த தண்ணீரை என் டம்ளரில் ஊற்றி, ஊதி ஊதி இரண்டு மடக்குக் குடித்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. வேறு வீடாக இருந்தால் யாரும் தலையைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

என் மகள் நித்யா சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் எங்களைப் படம் பிடிப்பதே வேலை.

"அம்மா, இங்க நோக்கு! அப்பா சூடுவெள்ளம் குடிக்காங்க!" என்று கத்திக்கொண்டே இடது கையால் போனை எடுத்தாள். "அப்பா, இன்னும் ஒரு மடக்கு கூடி. டம்ளர தாழ வைக்காதீங்க. ஆ, அடிபொளி!"

எனக்குச் சோறு ஆறுவதற்குள் அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நாகர்கோவிலிலிருந்து மைத்துனி போனில் கூப்பிட்டாள். "அத்தான், கடைசில எங்க வழிக்கு வந்திட்டிய, பாத்தியளா! அக்கா இருந்த தவம் வீண்போகல்ல." நானும் சிரித்து வைத்தேன்.

என் மனைவி லலிதா மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் என்னை ஐஸ் தண்ணீரை விடச் சொல்லி நடந்த சண்டையில் ஜெயித்தவள் அவள்தான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "புளிசேரி இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்றாள்.

தம்பானூரில் ஓர் இலை

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் வேலை பார்க்கும் லாட்ஜின் லிப்டில் மாட்டிக்கொண்ட கல்யாண கோஷ்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "இத்தனை காலம் லாட்ஜில் உட்கார்ந்து என்னதான் கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆள் எந்த அளவு சூட்டில் தண்ணீர் குடிப்பார் என்பதை, அவர் பெட்டியைக் கீழே வைக்கும் விதத்திலிருந்தே சொல்லிவிடுவேன். இந்தத் திறமைக்காக யாரும் எனக்குச் சம்பளம் கூட்டித் தரவில்லை.

நான் இந்த ஊருக்கு வந்ததே என் அண்ணன் ஆறுமுகம் சொல்லித்தான். திருநெல்வேலியில் டிகிரியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். தம்பானூரில் ஒரு லாட்ஜில் கணக்குப் பார்க்க ஆள் தேவை என்று அண்ணனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "போ, மழையாவது பாக்கலாம்" என்று என்னை பஸ் ஏற்றிவிட்டான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தேன். வாழையிலை போட்டார்கள். பக்கத்திலேயே ஒரு டம்ளரில் இளஞ்சிவப்பாக, தொட்டால் சுடுகிற தண்ணீர் வைத்தார்கள். எங்கள் ஊரில் சுடுதண்ணீர் குளிக்கிறவருக்கும் காய்ச்சல்காரருக்கும்தான். ஆகவே, இது இலை கழுவ என்று முடிவு செய்தேன். பரவாயில்லையே, சுத்தமான ஊர் என்று நினைத்துக்கொண்டு முழு டம்ளரையும் இலையில் தெளித்து வழித்துவிட்டேன்.

பரிமாறுகிறவர் இன்னொரு டம்ளர் வைத்தார். இவர்கள் ரொம்பவே சுத்தம்தான் என்று அதையும் தெளித்தேன். மூன்றாவது டம்ளரை அவர் கையிலேயே வைத்துக்கொண்டார். "அனியா, இது குடிக்கானுள்ள வெள்ளமாணு" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் பப்படத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அது பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் குடித்தேனா என்றால், இல்லை. வெளியே வந்து பெட்டிக்கடையில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்த சோடாவை வாங்கிக் குடித்தேன். தாகம் தீர்வதற்குச் சோடா, வயிறு நிறைவதற்கு ஹோட்டல் என்று பல மாதம் ஓடியது.

லாட்ஜில் ரூமுக்குத் தண்ணீர் ஜாடி கொண்டு போகும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். சூடா, பச்சைத் தண்ணீரா, ஐஸா? மலையாளிகள் கேள்வி முடியுமுன்பே சூடு என்பார்கள். கோட்டயம் பக்கத்துக்காரர்கள் சிலர் சொந்த பிளாஸ்கோடு வருவார்கள், நம் சூட்டின் மேலும் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து பத்மநாப சுவாமியைப் பார்க்க வருகிறவர்கள் ஐஸ் என்பார்கள், கூடவே வந்த மாமா "பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்" என்பார், ஜாடி இரண்டாகும். வெள்ளைக்காரர்கள் மூடி திறக்காத பாட்டில் போதும் என்பார்கள். சூடா குளிரா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம், உயிர்தான் முதலில்.

நான் ஐஸ் கட்சி. அதுவும் சாதாரண ஐஸ் கட்சி இல்லை. பாட்டிலுக்கு வெளியே வேர்க்க வேண்டும். முதல் மடக்கில் பல் கூச வேண்டும், இரண்டாவதில் நெற்றிப்பொட்டு வலிக்க வேண்டும். இதற்குக் குறைந்த எதையும் நான் தண்ணீரில் சேர்த்ததில்லை.

மீன் வாசம் இல்லாத ஐஸ்

லலிதாவின் குடும்பம் எங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆனால் நாலு தலைமுறைக்கு முன்பே வந்து கரமனையில் ஊன்றிக்கொண்டவர்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் தொண்டை மலையாளம். வெயிலுக்குச் சீரகம், மழைக்குச் சுக்கு, நடுவில் கரிங்காலி என்று வருஷம் முழுவதும் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற வீடு.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போனேன். சித்திரை மாதம். பட்டு வேட்டி, கழுத்தில் புதுச் சங்கிலி, வேர்த்துக் கொட்டுகிறது. குடிக்க வந்தது கொதிக்கிற சீரகத் தண்ணீர். புது மாப்பிள்ளைக்கு இருக்கிற திமிரில், "ஐஸ் தண்ணி இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

வீட்டில் அப்போது பிரிட்ஜ் கிடையாது. மாமனார் சட்டையைக்கூட மாட்டாமல், தோளில் துண்டோடு சாலை பஜாருக்கு ஓடினார். மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். மாமியார் வாசலிலேயே அவரை நிறுத்தினாள். "இது மீன்காரன்கிட்ட வாங்கினதா?"

"சோடாக் கடையிலாக்கும்."

"சோடாக் கடைக்காரன் எங்க வாங்கினான்?"

சைவ வீடு. கேள்வியில் நியாயம் இருந்தது. மாமனார் மறுபடி ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதற்குள் ஐஸ் பாதி கரைந்து, படியில் தண்ணீர் ஓடியது. கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு டம்ளர். அதைக் குடிக்கும்போது பதினைந்து இருபது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். லலிதா கதவோரம் நின்றிருந்தாள். அன்றைக்கே அவள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்ததும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கதவின் கீழ்த்தட்டு எனக்கு. அங்கே என் பாட்டில்கள் நிற்கும், வேறு யாரும் தொடக் கூடாது. அடுப்பு மேடை அவளுக்கு. ஐஸ் தண்ணீர் வயிற்று நெருப்பை அணைக்கும், சாப்பிட்ட எண்ணெயை மெழுகாக்கும், சளியைக் கட்டும் என்று அவள் கொள்கை. எனக்குக் கொள்கை எதுவும் இல்லை. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். சமீப காலமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எனக்கு வாட்ஸ்அப்பில் ஐஸ் தண்ணீரின் கேடுகளை அனுப்புவாள். நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவேன்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஏன் அவ்வளவு வீம்பு என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் மற்ற எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்துவிட்டேன். தேங்காய் எண்ணெயில் பொரித்ததைத் தின்கிறேன். குத்தரிசிச் சோறு பழகிவிட்டது. மகள் கோபம் வந்தால் மலையாளத்தில்தான் திட்டுவாள், நானும் மலையாளத்திலேயே வாங்கிக்கொள்வேன். ஊரிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சம் இருந்தது இந்த ஜில்லிப்பு ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் தானாகவே ஜாடியை இழுத்துச் சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்தால், வீடு கொண்டாடாதா? லாட்ஜிலும் செய்தி பரவியது. என் கூட வரவேற்பில் இருக்கிற தாமோதரன், "இப்போழாணு சார் நம்முடெ ஆளாயது" என்று கை குலுக்கினார்.

உண்மை வேறாக இருந்தது.

நெஞ்சில் நின்ற தண்ணீர்

அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஐப்பசியில் பெய்யும் துலாமழை சமயம் என்று ஞாபகம். லாட்ஜில் உட்கார்ந்து வழக்கம்போல ஐஸ் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன். தொண்டை தாண்டியது. நெஞ்சின் நடுவில் வந்து நின்றுவிட்டது. நின்றது என்றால் நின்றதுதான். யாரோ உள்ளே கையை வைத்துத் தடுத்த மாதிரி இருந்தது. எழுந்து நடந்தேன், குனிந்தேன், நெஞ்சைத் தடவினேன். வெகு நேரம் கழித்து மெல்ல இறங்கியது.

வாயு என்று நினைத்தேன். நம் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் முதலில் வாயுதான்.

பிறகு அடிக்கடி வந்தது. முதலில் ஐஸ் தண்ணீர், அப்புறம் பச்சைத் தண்ணீர், அப்புறம் இட்லி. ஒரு தரம் நின்றுபோன இட்லிக்கு மேல் சூடாகச் சாயா குடித்தேன். சட்டென்று வழி விட்டது. அன்றிலிருந்து யாரும் பார்க்காத நேரம் சுடுதண்ணீர் குடிக்கத் தொடங்கினேன். சூடு பட்டால் திறக்கிறது, குளிர் பட்டால் மூடிக்கொள்கிறது. எனக்குள்ளே யாரோ என் மனைவியின் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். சிரிக்கத் தோன்றவில்லை.

ஏனென்றால், என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

என்னை பஸ் ஏற்றிவிட்டவன். பாளையங்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருந்தான். தோசை இறங்கவில்லை என்று மோர்ச்சோறுக்கு மாறினான். மோர்ச்சோறு இறங்கவில்லை என்று கஞ்சிக்கு மாறினான். "வயசாச்சில்லா, லேசாச் சாப்பிட்டா நல்லதுதான்" என்று எல்லோரிடமும் சொன்னான். நாங்களும் நம்பினோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது உணவுக்குழாயில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். கடைசியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது. நான் பார்க்கப் போன அன்று, என் கையைப் பிடித்து உதட்டைக் காட்டினான். அண்ணி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தாள். அதை உறிஞ்சப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை.

ஆகவே எனக்கு என்ன வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டாம் என்று இருந்தது. போனில் தேடிப் பார்க்கலாம், விரல் போகவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. லாட்ஜில் எந்தத் தகராறு வந்தாலும் அசையாமல் நிற்கிறவன் என்று பெயர் வாங்கியவன், ஒரு வாய் இட்லிக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? சாப்பாட்டோடு சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. அன்றைக்குத்தான் ஜாடியை இழுத்தேன். அதைக் கண்டு பயந்திருக்க வேண்டியவர்கள் கைதட்டினார்கள். தமிழன் கடைசியில் மலையாளி ஆகிவிட்டான் என்று அவர்களுக்கு ஒரு விளக்கம் கையில் தயாராக இருந்தது. நான் அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டேன். சட்டை தொளதொளவென்று ஆனபோதும், "சூடுவெள்ளம் குடிச்சாலே தடி குறையும்" என்று மைத்துனி காரணம் சொல்லிவிட்டாள்.

லலிதா வைத்த பாட்டில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நித்யா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் லலிதாவும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். மேஜையில் ஜாடி இல்லை. அது இருக்கிற இடத்தில் என் பழைய பாட்டில் இருந்தது. வெளியே வேர்த்து, அடியில் வட்டமாகத் தண்ணீர் கட்டியிருந்தது.

கல்யாணமானதிலிருந்து அவள் எனக்கு ஐஸ் தண்ணீர் எடுத்து வைத்ததே இல்லை. நானே போய்த்தான் எடுத்துக்கொள்வேன்.

"சூடுவெள்ளம் எங்க?" என்றேன்.

"இன்னிக்கு இல்ல. இத குடிங்க."

"வேண்டாம். எனக்கு இப்ப அதுதான் பழகிட்டு."

"வெயில் கொளுத்துது. ஒரு நாளக்கிக் குடிச்சா ஒண்ணும் வராது. குடிங்க."

"நீதான இத்தன வருஷமா வேண்டாம் வேண்டாம்னு சொன்ன?"

"ஆமா, சொன்னேன்." அவள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "நான் சொல்லி நீங்க இதுவரைக்கும் ஒரு காரியம் கேட்டிருக்கியளா? குடைய எடுங்கன்னா எடுக்க மாட்டிய. கண்ணாடிய மாத்துங்கன்னா மாத்த மாட்டிய. இது ஒண்ண மட்டும் எப்படிக் கேட்டிய?"

அவள் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினேன். இரண்டு மடக்கு. விழுங்கினேன். அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றேன்.

நெஞ்சில் நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை. நானும் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் முட்டியது. பிறகு முடியவில்லை. எழுந்து ஓடி வாஷ்பேசினில் குனிந்தேன். குடித்த தண்ணீர் குடித்தபடியே, குளிர்ச்சிகூட மாறாமல் திரும்பி வந்தது.

அவள் பின்னால் வந்து முதுகில் கை வைத்தாள்.

"எத்தன நாளா?"

"மழைக்காலத்திலேருந்து."

"பாளையங்கோட்டை அத்தானுக்கு வந்த மாதிரியா?"

நான் தலையாட்டினேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குழாயைத் திறந்து என் முகத்தைக் கழுவிவிட்டாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"எனக்கு அன்னிக்கே தோணிச்சு" என்றாள். "எல்லாரும் சிரிச்சாவ. எனக்குச் சிரிப்பு வரல்ல. ஜெயிச்ச மாதிரியே இல்ல."

நித்யாவுக்குப் போன் போட்டாள். "நீ உடனே வா. அப்பாவ ஆசுபத்ரிக்குக் கொண்டு போகணும். போற வழியில சொல்லுதேன்."

டாக்டர் கேட்டது

டாக்டர் நித்யாவைவிட நாலைந்து வயது கூடியவராக இருப்பார். நான் உட்கார்ந்ததும் பெயர் வயதெல்லாம் கேட்டுவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"தணுத்த வெள்ளம் குடிக்கும்போழாணோ புத்திமுட்டு, அதோ சூடு வெள்ளமோ?"

குளிர்ந்த தண்ணீர்தான் கஷ்டம், சூடு இறங்கும் என்றேன். சோறு முதலில் நின்றதா, தண்ணீர் முதலில் நின்றதா என்று கேட்டார். தண்ணீர்தான் முதலில் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக ஐஸ் தண்ணீரைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் என்னைத் திருத்தவே பேசினார்கள். இவர் ஒருவர்தான் பதிலுக்காகக் கேட்டார்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெள்ளையாக ஒரு குழம்பை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். மூக்கில் அது போகும்போது அண்ணன் முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நித்யா வெளியே பெஞ்சில் லாப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். வேலை செய்கிற மாதிரி இருந்தது, ஆனால் திரை அணைந்து கிடந்தது.

கடைசியில் எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். ஒரு தாளில் குழாய் மாதிரி வரைந்தார். உணவுக்குழாய் வயிற்றோடு சேருகிற இடத்தில் ஒரு தசை, கதவு மாதிரி. விழுங்கும்போது அது தானாகத் திறக்க வேண்டும். எனக்கு அது திறக்க மறுக்கிறது. குளிர்ந்தது பட்டால் இன்னும் இறுகும். வாய் வழியாகவே குழாய் விட்டு அந்தத் தசையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் போதும் என்றார்.

நான் கேட்டேன். "அப்போ மற்றது இல்லையா?"

"எந்து மற்றது?"

எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. நித்யா தரையைப் பார்த்தாள். லலிதாதான் சொன்னாள்.

"கேன்சர்."

"அல்ல" என்றார் டாக்டர். "அதல்ல. ஞான் கண்ணால நோக்கி. அதல்ல அம்மா."

லலிதா, "செரி" என்றாள். அவ்வளவுதான். ஆனால் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய், பிறகு நூற்றொன்று, பிறகு ஆயிரத்தொன்று என்று ஏற்றிக்கொண்டே போனாள். பேட்டை வந்தபோது, "அம்மா, போதும் நிறுத்து. பகவானுக்கே மதியாயி" என்று நித்யா அழுதுகொண்டே சிரித்தாள்.

சூடோ தணுத்ததோ

ஆபரேஷனை மயக்க மருந்து கொடுத்துச் செய்தார்கள், ஆகவே அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் காலை மறுபடி எதையோ விழுங்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸ் வந்து கேட்டாள். "அங்கிள், வெள்ளம் சூடோ தணுத்ததோ?"

"சூடு மதி" என்றேன். உண்மையாகவே அதுதான் வேண்டியிருந்தது. ஐஸ் கட்சியில் இருந்து சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

"வேண்டாம் சிஸ்டர்" என்றாள் லலிதா. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள்.

கடையிலிருந்து பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தாள். ஜில்லிப்பு கை தாங்காமல் முந்தானையைச் சுற்றிப் பிடித்திருந்தாள். நான் அவளையே பார்த்தேன். "நீயா?" என்றேன். "சூடு போதும்னுதான சொன்னேன்?"

"சூடு முன்னாடியும் இறங்கிச்சு" என்றாள். "அத வச்சு நான் எப்படி நம்புவேன்?"

மூடியைத் திருகினாள். டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். என்னிடம் நீட்டப் போனவள், என்ன நினைத்தாளோ, தன் வாயில் ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டாள். நான் அறிந்து அவள் ஐஸ் தண்ணீர் குடித்ததில்லை. முகம் கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். "ஈஸ்வரா, இதையா இவ்வளவு நாள் குடிச்சிய?" என்றாள். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

நான் சின்ன வாயாகக் குடித்தேன். பல் கூசியது. தொண்டை தாண்டியது. லலிதா என் நெஞ்சின் நடுவில், அது வழக்கமாக நிற்கிற இடத்தில், உள்ளங்கையை வைத்தாள். கதவோரம் நித்யா நின்றிருந்தாள். இந்தத் தடவை கையில் போன் இல்லை. மூன்று பேரும் காத்திருந்தோம்.

"இறங்கிட்டா?"

"இறங்கிட்டு."

அவள் கையை எடுக்கவில்லை. "பொய் சொல்லக் கூடாது."

"இறங்கிட்டு லலிதா. நிஜமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரில் மறுபடியும் ஊற்றினாள். "இன்னொரு வாய் குடிங்க" என்றாள். "நான் பாக்கணும்."